பாலர் ஆசிரியைகள் மாநாட்டில் ஒரு பண்டிதன்

வரிப்பத்தான்சேனையிலிருந்து கல்முனைக்குப் போகிறவன் அம்பாறைக்குச் சென்று, அங்கே பஸ் மாறி, சம்மாந்துறை வயல்வெளிகளைக் கடந்து, காரைதீவுச் சந்தியில் வடக்கே திரும்ப வேண்டும். விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் மனத்தில் ஒரு பணிவு தோன்றும். தமிழைச் சொல்லிக் கொடுத்துச் சோறு உண்பவனுக்கு அது கடமையுமாகும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவ்வழியே சென்றேன். ஆனால் அன்று என் உள்ளத்தில் பணிவைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது. கையில் இருபத்திரண்டு பக்கக் கட்டுரை ஒன்று இருந்தது. 'பாலர் கல்வியும் செந்தமிழ் உச்சரிப்பும்' என்பது அதன் தலைப்பு. கரையோர ஊர்களின் முன்பள்ளி ஆசிரியைகள் கூடும் ஒருநாள் மாநாட்டில் அதனை வாசிக்கும்படி அழைத்திருந்தார்கள். லகர ளகர ழகர வேறுபாட்டை மூன்று வயதிலேயே குழந்தையின் நாவில் ஏற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அக்கட்டுரையை நான் வாசிக்கவில்லை. அது ஏன் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஏறத்தாழ நூற்றைம்பது பெண்கள் இருந்தனர். ஆண்கள் என்று பார்த்தால் நானும் ஒலிபெருக்கிக்காரரும் மட்டுமே. மேடையில் எனக்கென ஒரு நாற்காலி இருக்கும் என்று எண்ணியிருந்தேன்; மேடையே இல்லை. எல்லோரும் பாயில் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். வரவேற்புரைக்குப் பதிலாக ஒரு யானைப் பாட்டு நடந்தது. பாட்டின் நடுவில் எல்லோரும் எழுந்து துதிக்கையை ஆட்ட வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த முழங்கால்களுடன் நானும் எழுந்து ஆட்டினேன். யாப்பில் அப்பாட்டு எவ்வகைப்படும் என்று சிந்தித்தபடியே ஆட்டியதால் இரண்டு முறை திசை மாறிப்போயிற்று. பக்கத்தில் நின்ற ஆசிரியை சிரிக்காமல் என் கையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டார். அவருக்கு அது நாள்தோறும் செய்கிற வேலை.

இந்தப் பெண்களைப் பற்றி வாசகர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. நம் நாட்டிலே குழந்தை ஐந்து வயதில் முதலாந் தரத்தில் சேர்கிறது. அதற்கு மேற்பட்ட கல்விக்கு 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. கட்டடமும் நூலும் சம்பளம் பெறும் ஆசிரியரும் உண்டு. அதற்குக் கீழே உள்ள இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் பெற்றோர் தரும் மாதக் கட்டணத்தையும், சங்கங்களின் தயவையும், பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களின் ஆதரவையும் நம்பியே நடைபெறுகின்றன. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின்னர் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பில் வந்தன. பொறுப்பு வந்த வேகத்தில் பணம் வரவில்லை. "ஒரு மேசனுக்கு ஒரு கிழமையில கிடைக்கிறது எனக்கு ஒரு மாசத்துல இல்ல, சேர்" என்று மருதமுனைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் தேநீர் வேளையில் சொன்னார். முறையீடாகச் சொல்லவில்லை, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தம் பையிலிருந்து புளியங்கொட்டை மாலை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

அந்த மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டபத்தின் ஓரத்து மேசைகளில் ஆசிரியைகள் தாமே செய்த கருவிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். கடற்கரை ஊர்க்காரர் சிப்பியும் சோகியும் கொண்டு எண்ணப் பழக்குகிறார்கள். வயல் ஊர்க்காரர் புளியங்கொட்டையும் நெல்லும் சிரட்டையும் கொண்டு பழக்குகிறார்கள். ஜெர்மன் நாட்டு ஃபுரோபல், 1837 இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தம் முதற் பாலர் நிலையத்தைத் தொடங்கியபோது, பந்தும் உருளையும் கனசதுரமுமாக மரத்திற் செய்த பொருள்களைக் குழந்தைகளின் கையிற் கொடுத்தார். அவற்றைப் 'பரிசுகள்' என்றே பெயரிட்டழைத்தார். மூன்றாண்டுகளின் பின்னர் அந்நிலையத்துக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் பிரஷ்ய அரசு அத்தோட்டத்தைக் கண்டு அஞ்சி, 1851 இல் அதனைத் தடை செய்தது. நான்கு வயதுக் குழந்தை பந்து உருட்டுவதில் ஓர் அரசுக்கு என்ன ஆபத்து இருந்தது என்று வியக்கத் தோன்றுகிறது.

ஒரு மேசையில் மணல் எழுத்துகள் இருந்தன. அட்டையில் பசை தடவி எழுத்தின் வடிவத்தில் மணலைத் தூவிக் காயவைத்தவை. குழந்தை இரு விரலால் அவ்வடிவத்தின்மேல் தடவும். கண் பார்க்க, விரல் உணர, வாய் ஒலியைச் சொல்லும். இது மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய 'குழந்தைகளின் இல்லத்தில்' கையாண்ட உப்புத்தாள் எழுத்தின் வழி வந்தது. என்னுள் இருந்த பண்டிதன் உடனே தலை நிமிர்ந்தான். "இது நம்முடையதே அல்லவா! நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதித்தானே படித்தோம்!" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன்.

சொன்னதில் உண்மை உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதிக்குத் தலைவராயிருந்த அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், ஒரு 'மலபார்' பள்ளியிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபார் என்றே அழைத்தனர், இலங்கையிலும் அவ்வாறே. பெல் அம்முறையைத் தம் விடுதியிற் புகுத்தினார். மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அதனோடு சேர்த்தார். 1796 இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயருடன் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளிடம் சென்றது. இலண்டன் குழந்தை ஈரமணற் பலகையில் எழுதக் கற்றதற்கு நம் திண்ணை வாத்தியார் ஒருவர் காரணர். அவர் பெயரைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை.

ஆயினும் மொண்டிசோரி அம்மையார் தம் முறையைப் பெற்றது அந்த வழியாக அன்று. இதார், செகன் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் பேச்சும் அறிவும் குன்றிய குழந்தைகளுக்காகச் செய்த முயற்சிகளைக் கற்று, அவற்றிலிருந்தே அவர் தொடங்கினார். மேசைக்கு அருகில் நின்ற இளம் ஆசிரியை இதனை அறிந்திருந்தார். எனினும் என்னை மறுத்துப் பேசாமல், "மணல் ஒண்டுதான் சேர். ஆனா திண்ணையில பிரம்பும் இருந்திச்சிதானே" என்றார். அதற்கு மேல் நான் உரிமை கொண்டாடவில்லை.

அவருடைய இடர்ப்பாடு வேறு. இத்தாலிய மொழிக்கு எழுத்து இருபத்தொன்று. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. எத்தனை அட்டைக்கு மணல் தூவுவது? எதிலிருந்து தொடங்குவது? நெடுங்கணக்கு ஒலி பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் நோக்கி அமைந்தது. அதன் ஒழுங்கைக் கண்டு உலகத்து மொழியறிஞர் வியக்கின்றனர். ஆனால் அது நாவுக்கும் செவிக்கும் அமைந்த ஒழுங்கே தவிர, மூன்று வயது விரலுக்கு அமைந்த ஒழுங்கு அன்று. தமிழில் முதலெழுத்தாகிய அகரமே எழுதுவதற்கு மிகக் கடினமான எழுத்துகளில் ஒன்று; சுழியும் வளைவும் கோடும் அதில் உண்டு. ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்குவதே குழந்தையின் கைக்கு ஏற்றது என்று ஆசிரியைகள் பலரும் கூறினர். அரிவரி வகுப்பில் அகரத்தை எழுத முடியாமல் நான் அழுத அழுகை அப்போது நினைவுக்கு வந்தது. ஐம்பது ஆண்டுக் காலம் அக்குற்றம் என் கையின் குற்றம் என்றே எண்ணியிருந்தேன்.

பிற்பகல் என்னைப் பேச அழைத்தார்கள். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே, அதை விட்டுவிட்டு, அடையாற்றின் கதையைச் சொன்னேன். பாலர் ஆசிரியர்கள் கூடிய கூட்டங்களுள் தமிழ்நாட்டிலே பெயர்பெற்றது அது.

1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், மொண்டிசோரி அம்மையார் தம் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும். ஐரோப்பாவில் போர் மூண்டு இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அடையாற்றின் ஒல்கொட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் எழுப்பினர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் விரிவுரை செய்வார். மாரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் பெயர்ப்பார். கேட்பவர் ஒவ்வொருவரும் அதைத் தத்தம் தாய்மொழியில் மனத்துக்குள் மீண்டும் பெயர்த்துக்கொள்வர். குழந்தை தாய்மொழியை எவரும் கற்பிக்காமலே தன்னுள் உறிஞ்சிக்கொள்கிறது என்பதே அம்மையாருக்கு மிகவும் உவப்பான பொருள். அதனை மும்மொழி வழியாகக் கேட்ட அந்த முந்நூறு பேரையும் நினைக்கும்போது எனக்கு ஒரு பரிவு தோன்றுகிறது. குஜராத்தில் 1920 முதல் பாவநகர்ப் பாலர் மந்திரத்தை நடத்தி, மொண்டிசோரி முறையை நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி, தம் மொழியிலேயே எழுதிக் குவித்த கிஜுபாய் பதேகா அவ்வாண்டு ஜூன் மாதமே இறந்துவிட்டார். அம்மையார் இந்திய மண்ணில் கால் வைத்த நாளை அவர் காணவில்லை.

1940 இல் இத்தாலி போரில் இறங்கியதும் தாயும் மகனும் பகைநாட்டவர் ஆயினர். மாரியோவைப் பிரித்து அகமத்நகர் முகாமிற் சிறை வைத்தனர். அம்மையாரை அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியேறாதபடி தடுத்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று அரசப்பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது, மகனை விடுவித்திருந்தார்கள். அதுவரை மாரியோவைத் தம் மகன் என்று அம்மையார் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஊர் அறிய வளர்ப்பு மகன் என்றும் உறவினன் என்றும் வழங்கி வந்தது. தந்தியோ 'மகன்' என்றே சொல்லிற்று. உலகத்துத் தாய்மாருக்கெல்லாம் குழந்தையைப் பற்றிச் சொன்னவர், தம் பிள்ளையை ஊரறிய மகன் என்று அழைக்க நாற்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். பின்னர் கோடைக்கானலில் இருந்தார். 1944 இல் நம் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் ஊர்களில் முன்பள்ளியை 'மொண்டிசோரி' என்றே சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

கதை முடிந்ததும் வினாக்கள் கேட்கச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்து ஓர் இளம் ஆசிரியை எழுந்தார். எங்கள் இறக்காமப் பக்கத்தவர்தாம். கையில் சுருட்டிய சுவர்ப்படம் ஒன்று. கடைகளில் விற்கும் அரிச்சுவடிப் படம் அது; வாசகர் அனைவரும் கண்டிருப்பீர்கள். இ என்றால் இலை, உ என்றால் உரல், ஏ என்றால் ஏணி, ஒ என்றால் ஒட்டகம், ஔ என்றால் என்றென்றும் ஔவையார். அகரத்துக்குச் சேலை உடுத்த ஒரு பெண்ணின் படம், கீழே 'அம்மா'.

"சேர், ஒண்டு கேக்கன். இந்தப் படத்தக் காட்டினா எங்கட புள்ளைகள் உம்மா எண்டுதான் செல்லுதுகள். அ எங்க எண்டு கேட்டா முழிக்குதுகள். உரலக் காட்டினா அது என்ன எண்டே தெரியாது, வீட்டுல இல்லத்தானே. அப்ப உ எண்டதுக்கு நான் உம்மாவப் போடலாமா? போட்டா அது தமிழ் இல்ல எண்டு செல்லுவாங்களா?"

மண்டபம் அமைதியாயிற்று. பலர் இதே வினாவை நெடுநாளாக மனத்துள் வைத்திருந்தார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. மூத்த ஆசிரியை ஒருவர் எனக்கு முன்னரே விடை சொன்னார். "பரீட்சைத் தாளில உம்மா வராது மகள். நாளைக்கு ஸ்கொலர்ஷிப் சோதினையில புள்ளதான் கஷ்டப்படும். இப்பவே அம்மா எண்டு பழக்கிறது நல்லது." அவர் சொன்னதைத் தள்ளிவிட இயலாது. அவர் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். ஊர்த் தாய்மாரின் அச்சத்தை அறிந்தவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பண்டிதன் என்ன தீர்ப்புச் சொல்வான்?

என் முதல் நாள் வகுப்பில் வாத்தியார் தாயின் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டார். உம்மா என்றேன். "அது வீட்டில். பள்ளிக்கூடத்தில் அம்மா" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, அடிக்கவும் இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தாயார் இருவர் ஆயினர். வீட்டில் இருந்தவர் உம்மா. எழுத்தில் இருந்தவர் அம்மா, அன்னை, தாய், ஈன்றாள், நற்றாய். நானும் ஆசிரியனானேன், அதே வாக்கியத்தை அதே மென்மையுடன் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னேன். தாய்மையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். என் உம்மா எழுதப் படிக்க அறியாதவர். என் கட்டுரைகளைப் பிறர் வாசித்துக் காட்டக் கேட்பார். "ஆரப் பத்தி மகன் எழுதியிரிக்காய்?" என்று ஒருமுறை கேட்டார். உங்களைப் பற்றித்தான் என்றேன். அவர் சிரித்தார். நம்பினாரோ இல்லையோ. அவர் காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன.

அந்தப் பெண் விடைக்காக நின்றுகொண்டே இருந்தார். அப்போதுதான் பரீட்சைக்கு மனனம் செய்த ஒன்று என் நாவிற்கு வந்தது. தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். நான்கும் சொல்லே, ஒன்றையும் அவர் தள்ளவில்லை. திசைச்சொல்லுக்கு உரைகாரர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று எது? குடநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்பது. இன்றும் மலையாளத்தில் தள்ள என்றால் தாய். உதாரணம் தேடிய உரைகாரருக்கு உலகத்துச் சொற்களெல்லாம் இருக்க, தாயைக் குறிக்கும் சொல்லே வாய்த்திருக்கிறது. ஊருக்கு ஊர் வேறுபடும் சொல்லுள் முதலாவது அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானோ முப்பது ஆண்டுகளாக அதை மதிப்பெண்ணுக்காகவே சொல்லிக் கொடுத்தேன்.

மேலும் ஒன்று. பவணந்தியார் நன்னூலில் திசைச்சொல்லின் எல்லையை விரித்து, தமிழ் வழங்காத நிலங்களிலிருந்து வருவனவும் அதில் அடங்கும் என்றார். பதினெண் மொழி நிலங்களை எண்ணிய உரைகாரர் பட்டியலில் சிங்களமும் உண்டு, சோனகமும் உண்டு. சோனகர் என்றே நம் மக்களுக்குப் பெயர். எனவே உம்மா அரபு வழி வந்ததாயினும், இந்நாட்டுத் தமிழின் வழக்கில் ஊன்றியதாயினும், இலக்கணத்தின் வாயிலில் அதை நிறுத்திவைக்கக் காவலாளி எவரும் இல்லை. இதனை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அது தமிழ்தான். உ எழுத்துக்குப் போடுங்கள். உரலைவிட அதுவே பொருத்தம்" என்றேன்.

மூத்த ஆசிரியை விடவில்லை. "அப்ப அம்மா எண்ட சொல்ல எப்ப படிக்கிற?" என்றார். நியாயமான கேள்வி. பொதுத்தமிழ் இல்லாமல் நம் பிள்ளை யாழ்ப்பாணத்து நூலையும் சென்னைப் பத்திரிகையையும் எங்ஙனம் படிக்கும்? ஊருக்கு ஒரு சுவர்ப்படம் என்றால் தமிழ் என்ன ஆகும்? தாய்மொழியிலேயே கல்வியைத் தொடங்க வேண்டும் என்று 1953 இல் யுனெஸ்கோ ஓர் அறிக்கையில் வற்புறுத்தியது. ஆனால் ஒரே தாய்மொழிக்குள் இரண்டு வீடுகள் இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்கு அங்கே விடை கிடைத்ததில்லை. இரண்டையும் வைக்கலாம் என்றேன். ஒரே படம், அகரத்தின் கீழும் ஒன்று, உகரத்தின் கீழும் ஒன்று. வீட்டில் உள்ளதை முதலில் அறிந்த பிள்ளை அயலில் உள்ளதைத் தானே அறிந்துகொள்ளும். மூத்தவர் முழுவதும் இசைந்ததாகத் தெரியவில்லை. "செஞ்சி பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போது காரைதீவு ஆசிரியை ஒருவர், "ஐயா, எங்கட பிள்ளையளுக்கு அம்மாதான். ஆனா உ எழுத்துக்கு நானும் இதை ஒட்டினா என்ன? பக்கத்து ஊர்ப் பிள்ளை தாயை என்னெண்டு கூப்பிடும் எண்டு அதுகளுக்கும் தெரியட்டுமே" என்றார். இரண்டு ஊர்களுக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான். அத்தூரத்தை நடக்க அஞ்சிய ஆண்டுகளும் இருந்தன. அங்கிருந்தோர் பலருக்கு அவை நினைவிருக்கும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்னும் இரண்டு படம் வெட்டித் தரும்படி மட்டும் யாரோ கத்தரிக்கோலை நகர்த்தினார்கள்.

மாநாடு முடியும்போது அந்தப் பெண் உரலின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒரு தடித்த பேனாவுடன் என்னிடம் வந்தார். "சேர், உங்கட கையெழுத்து நல்லம். நீங்களே எழுதித் தாங்க" என்றார். பாயில் முழந்தாளிட்டு எழுதினேன். கரும்பலகையிலும் காகிதத்திலும் எத்தனை இலட்சம் சொற்கள் எழுதியிருப்பேன். இந்த மூன்றெழுத்தை அதுவரை ஒருமுறையேனும் எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் குனிந்து பார்த்து, தலையை அசைத்தார்.

"புள்ளி சின்னதாப் போச்சி சேர். புள்ளைகள் விரலால தடவிப் பாக்கிற. பெரிசா வைங்க."

பெரிதாக வைத்தேன். அம்பாறைக்குக் கடைசி பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.